நக்கல் பிரிவு உதயமான வரலாறு

இதனால் சகலருக்கும் தெரிவிக்கப்படுவது: ஓய்வுபெற்ற முதுநிலை மோப்ப அதிகாரி ஒருவரின் அன்றாட உலர்தீனியில் எலும்பு சூப் சேர்க்கலாமா, கூடாதா என்ற கேள்வி, ஓய்வுபெற்ற பணி நாய்கள் நல வாரியத்தின் உயர்மட்டப் பரிசீலனைக்கு வந்திருக்கிறது. பொதுமக்கள் பதற்றமடைய வேண்டாம். நிலைமை கட்டுக்குள் இருக்கிறது. முடிவு தெரியும்வரை யாரும் எந்த நாய்க்கும் சொந்தப் பொறுப்பில் எதையும் ஊற்றிவிட வேண்டாம்.

இந்த அறிவிப்பு வாரியத்தின் வாசலில் ஒட்டப்பட்ட நேரத்தில், மேற்படி அதிகாரி ஒரு தையல்காரரின் வீட்டில், இஸ்திரி மேசைக்கு அடியில், முன்னங்கால்கள்மேல் முகத்தை வைத்துப் படுத்திருந்தார். கால்கள் நான்கும் இருந்தன. வால் இருந்தது. பற்கள்தான் அவ்வளவாக இல்லை.

நாய்க்குப் போய் அவர், இவரா என்று கேட்கலாம். வாரியத்தின் விதி அது. சுங்கத் துறையில் ஊரார் பெட்டிகளை மோந்து மோந்து படிப்படியாக உயர்ந்த ஒரு நாயை, ஓய்வுக்குப் பிறகும் பதவிக்குரிய மரியாதையோடுதான் குறிப்பிட வேண்டும். வம்பு எதற்கு, இந்தக் கதையிலும் அப்படியே வைத்துக்கொள்வோம். தையல்காரர் அவரை ‘சார்’ என்று கூப்பிட்டார்.

தையல்காரருக்கு மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் பேச்சுத் துணைக்கு இருந்தது தையல் மெஷின் மட்டும்தான். அது ஒரே விஷயத்தையே திரும்பத் திரும்பச் சொல்லும். பேன்ட் குட்டையாக்க வருகிறவர்கள் இடுப்பைக் காட்டிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்போதுதான், ஓய்வுபெற்ற நாய்களுக்குப் பாதுகாவலர்கள் தேவை என்று வாரியம் விளம்பரம் கொடுத்திருந்தது. போனார். அதிகாரி அறைக்குள் நுழைந்தால் எப்படி எழுந்து நிற்பாய் என்று நேர்முகத் தேர்வில் கேட்டார்கள். நின்று காட்டினார். சாரை ஒப்படைத்தார்கள். கூடவே, முதுகில் வாரியத்தின் சின்னம் பொறித்த ஒரு நீலச் சட்டை, ஒரு கிண்ணம், ஒரு மூட்டை உலர்தீனி. தீனி பழுப்பு நிறத்தில் கோட்டுப் பொத்தான் மாதிரி இருந்தது. கடித்துப் பார்த்தால் பொத்தான்தான் மிருது.

நிபந்தனைகளை உணவுப் பிரிவு அலுவலர் வாயாலேயே சொன்னார்.

“இந்தத் தீனியத் தவிர வேற ஒரு துரும்பு உள்ள போகக் கூடாது. போச்சு, அன்னிக்கே அவங்களைத் திரும்ப அழைச்சுக்குவோம். வாரியத்தோட விடுதிக்கு.”

“விடுதில வந்து பார்க்கலாமாங்க?”

“அங்க போனவங்களை யாரும் பார்க்க முடியாது. அவங்க ஓய்வுல இருப்பாங்க. இன்னொண்ணு. அவங்க சாப்பிடும்போது நீ கூட உக்காந்து சாப்பிடக் கூடாது.”

“ஏங்க?”

“நீ யாரு?”

“டெய்லருங்க.”

“அவங்க யாரு?”

“நாய்ங்க.”

அலுவலர் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, திறந்தார். “முதுநிலை மோப்ப அதிகாரி. கீழ்நிலை ஆளுங்களோட அவங்க பந்தியில உக்கார முடியுமா? நீ ‘மேற்படி நபர்’. அவங்க ‘அவர்கள்’. வாரியத்துல யார் வாய் திறந்தாலும் உனக்கு இது, அவங்களுக்கு அது. குழப்பிக்காதே.”

தையல்காரர் குழப்பிக்கொள்ளவில்லை. வேளாவேளைக்கு இஸ்திரி மேசைக்கு அடியில் கிண்ணத்தை வைப்பார். “சார், சாப்பிடுங்க” என்பார். பிறகு சமையலறைக்குள் போய், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே தன்னுடையதைச் சாப்பிடுவார். நடுவில் ஒரு சுவர். இவர் மெல்லும் சத்தம் அவருக்குக் கேட்கும். அவர் மெல்லும் சத்தம் இவருக்குக் கேட்கும். வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதற்கு அதுவே அத்தாட்சியாக இருந்தது.

ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்கவில்லை.

தையல்காரர் எட்டிப் பார்த்தார். சார் கிண்ணத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாளும் அப்படியே. தீனியைத் தண்ணீரில் ஊறவைத்து வைத்துப் பார்த்தார். அது கஞ்சியானதுதான் மிச்சம். சட்டை தொளதொளத்தது. தையல்காரர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து சாரின் வயிற்றைச் சுற்றி அளந்தார். சட்டையை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தார். கொஞ்ச நாளில் மறுபடியும் பிடித்துத் தைத்தார். உள்மடிப்பு தடித்துக்கொண்டே போனது.

கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனார். அந்த அம்மாள் சாரின் வாயைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“பல்லு போச்சு. வயசும் ஆச்சு. எலும்பு வாங்கி நல்லா கொதிக்க விடுங்க. உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. மேல மிதக்கிற கொழுப்பை எடுத்துடுங்க. எலும்பையும் எடுத்துடுங்க, வெந்த எலும்பு தொண்டைல குத்தும். அந்தச் சாறை வெதுவெதுப்பா தீனிமேல ஊத்துங்க. வாசனைக்காவது வாய் வைக்கும்.”

“அதை ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தீங்கன்னா…”

மருத்துவர் சட்டையின் சின்னத்தை அப்போதுதான் பார்த்தார். சட்டென்று கையுறையைக் கழற்றினார். “வாரியத்து நாயா? எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. நான் உங்களைப் பார்க்கவே இல்ல.”

சத்தமில்லாமல் ஊற்றிவிட்டால் என்ன என்று தையல்காரருக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் வாய்ப் பரிசோதகர் என்று ஒருவர் இருந்தார். வாராவாரம் வந்து சாரின் வாயைத் திறந்து, மூக்கை உள்ளே விட்டு, அந்நிய உணவின் வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்ப்பது அவர் உத்தியோகம். வாழ்நாளெல்லாம் உலகத்தை மோந்து பார்த்த சாரை, கடைசிக் காலத்தில் ஒரு மனிதர் வந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். பரிசோதகருக்கு எப்போதும் ஜலதோஷம். கையில் கைக்குட்டை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும், “எட் மூக்குக்குத் தப்பி ஒண்ணுப் போகாது” என்று அடைத்த குரலில் சொல்லுவார். பக்கத்துத் தெரு கண்ணாடிக்கடைக்காரர் வீட்டு நாயின் சட்டையில் பிஸ்கட் துகள் இருந்தது என்று அந்த நாயைக் கையோடு அழைத்துப் போனவர் அவர்தான். கண்ணாடிக்கடைக்காரர் இன்னும் சாயங்காலத்தில் வெறும் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு நடந்துவிட்டு வருகிறார்.

ஆகவே, அனுமதி கேட்பது என்று தையல்காரர் முடிவு செய்தார். மனித குலம் செய்த பெரிய தவறுகளில் பல இப்படித்தான் தொடங்கியிருக்கின்றன.

உணவுப் பிரிவு அலுவலர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “சூப்பு எப்படி இருக்கும்? கெட்டியா, தண்ணியா?” என்றார்.

“தண்ணியாங்க.”

“அப்ப அது பானம். எதிர் அறை.”

எதிர் அறையில் பானப் பிரிவு அலுவலர் ஓய்வாக இருந்தார். பானம் என்றால் தண்ணீர் மட்டும்தான் என்பதால் அந்தப் பிரிவுக்குப் பல வருடங்களாக வேலை வந்ததில்லை. ஆள் வந்த சந்தோஷத்தில் நாற்காலிகூடக் காட்டினார்.

“சொல்லு. என்ன பண்ணணும்?”

“சூப்பு கொடுக்கணுங்க. அது சாப்பிட்டாத்தான் உசிரு நிக்கும்னு…”

“நில்லு, நில்லு. என்ன சொன்ன? சூப்பு சாப்பிடணும்னா?”

“ஆமாங்க.”

“சாப்பிடறதுன்னா உணவு. குடிக்கிறதுன்னாதான் என் பிரிவு.” அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. “எதிர் அறைக்கே போ.” பிறகு வாசல் பக்கம் திரும்பி, “ஏம்பா, காபி சாப்பிடலாமா?” என்று பியூனைக் கேட்டார்.

தையல்காரர் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான் கேட்டார். “ஐயா, காபி மட்டும் சாப்பிடலாமுங்களா?”

எதிர் அறையிலிருந்து உணவுப் பிரிவு எழுந்து வந்தது. காபி உணவா, பானமா என்று இரண்டு பிரிவுகளும் குரலை உயர்த்தின. உணவுப் பிரிவு, நாங்கள் இத்தனை காலமும் காபியைச் சாப்பிட்டுத்தான் வருகிறோம், ஆகவே அது எங்களுடையது என்றது. பானப் பிரிவு, தன்னிடம் இருந்த ஒரே பொருளும் பறிபோகிறதே என்று மேசையைத் தட்டியது. கடைசியில் இருவரும் சேர்ந்து தையல்காரரைப் பிடித்துக்கொண்டார்கள்.

“ஒரே வார்த்தையில சொல்லு. சூப்பை உங்க அதிகாரி சாப்பிடுவாங்களா, குடிப்பாங்களா?”

தையல்காரர் சாரை நினைத்துப் பார்த்தார். அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

“ரெண்டும் இல்லீங்க. நக்குவாங்க.”

“என்னய்யா, நக்கலா?”

“ஆமாங்க,” என்றார் தையல்காரர். “நக்கல்தான்.”

வாரியத்தை அதன் கட்டடத்துக்குள்ளேயே நக்கல் செய்ததற்காக அவர் தலைவர் முன்னால் நிறுத்தப்பட்டார். சாரும் வரவழைக்கப்பட்டார். சட்டையை மூன்றாவது முறையாகப் பிடித்துத் தைத்திருந்ததால், முதுகில் இருந்த சின்னம் பாதி மடிப்புக்குள் போயிருந்தது. படி ஏற முடியாததால் தையல்காரர் தூக்கிக்கொண்டு வந்தார். தூக்குவது முன்பைவிடச் சுலபமாக இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

தலைவர் கண்களை இறுக மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“யாரும் தவறாக நினைக்க வேண்டாம்,” என்று அவர் தொடங்கினார். “இந்தப் பொறுப்புக்கு வந்ததிலிருந்து நான் ஒரு நாயைக்கூடப் பார்த்ததில்லை. பார்த்தால் பாசம் வரும். பாசம் வந்தால் நிர்வாகம் கெடும். எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு நாயைத் தடவிக் கொடுத்தார். இன்று அவர் எங்கே? வீட்டில் இருக்கிறார், அந்த நாயோடு! நாய்கள் வரும், நாய்கள் போகும். வாரியம் நிலைத்து நிற்க வேண்டும். ஒரு நாய்கூட இல்லாத காலம் வந்தாலும் இந்த வாரியம் இயங்கும் என்று உறுதியளிக்கிறேன். சொல்லப்போனால் இன்னும் நன்றாகவே இயங்கும்.”

கைதட்டினார்கள். சத்தத்துக்கு சார் திடுக்கிட்டு, தையல்காரரின் செருப்புமேல் போய் உட்கார்ந்துகொண்டார்.

“மேற்படி நபர் சொன்ன செயல் உண்மையிலேயே உண்டா என்று பாருங்கள்,” என்றார் தலைவர், கண்ணைத் திறக்காமலே.

ஒரு தட்டில் தண்ணீர் வைக்கப்பட்டது. வாரிய வரலாற்றில் முதல் தடவையாக அலுவலர்கள் மண்டியிட்டு ஒரு நாயை உற்றுப் பார்த்தார்கள். சார் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். எழுந்து போய், நாக்கை நீட்டினார்.

“மெல்லலை,” என்றார் உணவு.

“உறிஞ்சவும் இல்ல,” என்றார் பானம். “ஐயா, இது மூணாவது ஒண்ணு.”

தலைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, “இத்தனை காலமாக நம்மிடம் நக்கலுக்கென்று ஒரு பிரிவு இல்லாமல் இருந்திருக்கிறது,” என்றார். அந்தக் குரலில் ஒரு புதிய பதவியின் வாசனை இருந்தது. அலுவலர்கள் இருவரும் ஒரே சமயத்தில் தலை நிமிர்ந்தார்கள்.

புதிய பிரிவுக்கு அறை ஒதுக்கப்பட்டது. வெள்ளை அடித்தார்கள். திரைச்சீலை தைக்கும் வேலையைத் தையல்காரருக்கே கொடுத்தார்கள், தண்டனையாக. இதற்கிடையில், பிரச்சினைக்குரிய பொருளை வாரியம் ஆராய வேண்டியிருந்ததால், மாதிரி கொண்டுவரச் சொன்னார்கள்.

தையல்காரர் எலும்பு வாங்கி வந்தார். மருத்துவர் சொன்னபடியே பொறுமையாகக் கொதிக்கவைத்தார். வாடை இஸ்திரி மேசைக்குப் போய்விடக் கூடாதே என்று சமையலறைக் கதவைச் சாத்தி, இடுக்கில் வெட்டுத் துணிகளை அடைத்தார். கதவுக்கு அந்தப் பக்கம் சார் வந்து மூக்கை வைத்து மோந்துகொண்டு நிற்பது கேட்டது. “கொஞ்சம் பொறுங்க சார்,” என்றார் தையல்காரர். “மேலிடத்துல பேசிட்டிருக்கேன்.”

தூக்குவாளி வாரியத்துக்குப் போனது. உணவு ஒரு கோப்பை எடுத்துக்கொண்டார். பானம் இரண்டு.

“உப்பே இல்லையேய்யா?”

“நாய்க்கு உப்பு ஆகாதுங்க.”

“நாங்க என்ன நாயா? அடுத்த தடவை மிளகும் போட்டுக் கொண்டா. ஆராய்ச்சி சரியா வரணும்ல?”

ஆராய்ச்சி தொடர்ந்தது. வெள்ளை அடிக்கிறவர்களும் ஆராய்ந்தார்கள். பானப் பிரிவு அலுவலருக்கு முட்டிவலி குறைந்தது. உணவுப் பிரிவு அலுவலரின் கன்னத்தில் ஒரு மினுமினுப்பு வந்தது. “பல்லு இல்லாதவங்களுக்கு இது அமிர்தம்யா,” என்று மனமாரச் சொன்னார். வீட்டில் சார் கிண்ணத்தைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டிருந்தார். தையல்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தீனிப் பொத்தானாக சாரின் வாயில் வைத்துப் பார்த்தார். சார் மரியாதைக்காக வாங்கி, மரியாதையாகவே கீழே வைத்தார். சட்டையில் இனிப் பிடித்துத் தைக்கத் துணி இல்லை.

திறப்பு விழாவன்று தையல்காரர் தைத்த திரைச்சீலையைத் தலைவர் விலக்கினார். நாய் எதுவும் வந்திருக்கவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் கண்ணைத் திறந்திருந்தார்.

“இன்று முதல் இந்த வாரியத்தில் நக்கலுக்கு ஒரு நிரந்தர இடம் உண்டு. இனி எந்தக் குடிமகனும் வெளியில் நின்று நக்கல் செய்ய வேண்டிய அவசியமில்லை. உள்ளே வரலாம். வரிசையில் நின்று முறைப்படி செய்யலாம். வாரியமே நக்கலாக மாறும் நாள் தொலைவில் இல்லை!”

பலத்த கைதட்டல். தலைவர் பரவசத்தில் முதல் தீர்ப்பையும் அங்கேயே அறிவித்தார்:

“முதுநிலை மோப்ப அதிகாரி அவர்களின் உடல்நிலையைக் கருத்தில் கொண்டு, அவர்களின் கிண்ணத்தில், அன்றாடத் தீனியோடு சேர்த்து, மேற்படி நபர் எலும்பு சூப்பை நக்கலாம் என உத்தரவிடுகிறேன்!”

தையல்காரர் கையைத் தூக்கினார். “ஐயா… மேற்படி நபர் நானுங்க. சாருக்குத்தான் கேட்டேன்.”

உணவுப் பிரிவு அலுவலர் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். “சும்மா இருய்யா. தலைவர் வாயிலேருந்து வந்துடுச்சு. திருத்தினா தலைவர் தப்பா சொல்லிட்டார்னு ஆகும். ஆகலாமா?”

“ஆகக் கூடாதுங்க.”

“அப்ப நக்கு.”

உத்தரவு நிறைவேறுகிறதா என்று பார்க்க வாய்ப் பரிசோதகர் அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை பரிசோதிக்க வேண்டியது தையல்காரரின் வாய். தையல்காரர் முகம் கழுவி, தலை வாரி, வாளி நிறைய சூப்போடு காத்திருந்தார்.

“புதல்ல பாதிரி,” என்றார் பரிசோதகர். முதலில் மாதிரி என்று பொருள். தும்மினார். வாளியை வாங்கி, நின்ற நிலையில் முழுவதையும் ஆராய்ந்து முடித்தார். “தொண்டைக்கு இதபா இருக்கு. ப், நக்கு பாக்கலாம்.”

தையல்காரர் காலி வாளியைப் பார்த்தார். சமையலறைக்குப் போனார். சற்று நேரத்தில் ஆவி பறக்கும் பாத்திரத்தோடு வந்து, சாரின் கிண்ணத்தில் இருந்த தீனிமேல் ஊற்றினார். பிறகு இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். முட்டி இரண்டும் சொடுக்கின. கைகளைத் தரையில் ஊன்றினார். டேப் கழுத்திலிருந்து தொங்கிக் கிண்ணத்துக்குள் விழுந்தது. அதை எடுத்து முதுகுப் பக்கம் போட்டுவிட்டு, நாக்கை நீட்டினார்.

பரிசோதகர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் எங்கோ ஒரு வீடு இருந்திருக்க வேண்டும்.

சார் மேசைக்கு அடியிலிருந்து தலையைத் தூக்கினார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் இன்று பக்கத்திலேயே கேட்டது. பதவிக்காலம் முழுவதும் வரிசையாகக் கிண்ணம் வைத்து, இடமும் வலமும் சகாக்களோடு சாப்பிட்டவர் அவர். எழுந்தார். தள்ளாடி வந்தார். தையல்காரரின் காதை ஒருமுறை மோந்து பார்த்தார். அதில் தடை செய்யப்பட்ட பொருள் எதுவும் இல்லை என்று திருப்தியானதும், தலையைக் கிண்ணத்துக்குள் விட்டார்.

“ஐயா,” தையல்காரர் கிண்ணத்திலிருந்து முகத்தைத் தூக்கினார். “சாரும் சாப்பிடறாருங்க. இது தப்புங்களா?”

பரிசோதகர் திரும்பாமலே யோசித்தார். “அவங்க கிண்ணப். அவங்க தீடி. அவங்க சாப்பிடறாங்க. நீ நக்குற. எல்லாப் உத்தரவுப்படிதான்.”

தலை இரண்டும் அவ்வப்போது முட்டிக்கொண்டன. கிண்ணம் தரையில் நகர்ந்து நகர்ந்து சுவர் ஓரம் போய் நின்றது. அடிவரை காலியானது. பரிசோதகர் குனிந்து, வெறும் கிண்ணத்துக்குள் மூக்கை விட்டு ஆழமாக இழுத்தார்.

“உயர்தர எலுப்பு சூப்பு,” என்று அறிவித்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து தையல்காரர் தன் தட்டையும் தரைக்குக் கொண்டுவந்துவிட்டார். உத்தரவை மீறாமலிருக்க, ஒவ்வொரு வேளையும் முதலில் ஒரு நக்கு. பிறகு அவரவர் சாப்பாடு. சாரின் சட்டையைத் தையல்காரர் ஒரு பக்கம் பிரித்துவிட்டார். கொஞ்ச நாள் கழித்து மறு பக்கமும். மடிப்புக்குள் போயிருந்த சின்னம் திரும்ப வெளியே வந்தது.

எலும்பு சூப்பின் அற்புத ஆற்றலை வாரியம் ஊரறியப் பறைசாற்றியது. நக்கல் பிரிவு ஓர் அறையிலிருந்து இரண்டு தளங்களுக்கு விரிந்தது. தலைவர் பல மாநாடுகளில், ஒரு நாயையும் பார்க்காமலே, சூப்பினால் ஒரு நாயின் உயிரைக் காத்த வரலாற்றைக் கண் கலங்க எடுத்துரைத்துவருகிறார்.

வாளி காலியான அன்று கிண்ணத்தில் ஊற்றியது வெந்நீர்.